அணு உலை விபத்தில் வெளியாகும் கதிரியக்கப் பொருள்கள் கடலில் எவ்வாறு மூழ்குகின்றன?

அணு உலை விபத்தின்போது வெளியாகும் கதிரியக்கப் பொருள்கள் காற்றிலும் மழையிலும் கலந்து கடலின் மேற்பரப்பில் படிகின்றன. 2011 மார்ச் மாதம் ஜப்பானின் ஃபுக்குஷிமாவில் நிகழ்ந்த விபத்தில் காற்றில் கலந்தவற்றின் பெரும்பகுதி பசிபிக் பெருங்கடலிலேயே விழுந்தது. மாசடைந்த நீரும் உலையிலிருந்து நேரடியாகக் கடலில் கலந்தது. இவை அனைத்தும் ஒரே விதமாக அடியில் சென்று தங்கிவிடுவதில்லை. எந்த மீனை, எவ்வளவு காலம் கண்காணிக்க வேண்டும் என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைகிறது.

கரைபவையும் ஒட்டிக்கொள்பவையும்

சீசியம், உப்பைப் போலக் கடல்நீரில் எளிதில் கரையும் தன்மையுடையது. எனவே அதன் பெரும்பகுதி நீரோட்டங்களுடன் பரவி, கலந்து, செறிவு குறைகிறது. சீரியம், புளூட்டோனியம் போன்றவை நீரில் மிதக்கும் நுண்துகள்களில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. ஆகவே அவை விரைவாகக் கீழிறங்குகின்றன.

தனித்த நுண்துகள் மிக மெதுவாகவே மூழ்கும். அதன் பயணத்தை விரைவுபடுத்துபவை மிதவை உயிரிகள். கடலின் மேலடுக்கில் வாழும் இச்சிறு உயிரிகள் துகள்களை உணவோடு சேர்த்து உட்கொண்டு, கனமான கழிவு உருண்டைகளாக வெளியேற்றுகின்றன. அவ்வுருண்டைகள் நாளொன்றுக்குப் பல பத்து மீட்டர் வரை மூழ்கக்கூடியவை.

அறிவியல் சான்றுகள்

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் விபத்து நிகழ்ந்தது. அப்போது மத்தியதரைக் கடலில், கோர்சிகா தீவுக்கு அருகே 200 மீட்டர் ஆழத்தில், மேலிருந்து விழும் துகள்களைச் சேகரிக்கும் கருவி ஒன்று இருந்தது. மேற்பரப்பில் படிந்த கதிரியக்கப் பொருள்கள் சில நாள்களிலேயே அவ்வாழத்தை அடைந்ததை அது பதிவு செய்தது. சேகரிக்கப்பட்டவற்றில் மிதவை உயிரிகளின் கழிவே மிகுதியாக இருந்தது.

ஃபுக்குஷிமா விபத்துக்குப் பின்னர், வடமேற்குப் பசிபிக்கில் ஏறத்தாழ 4,800 மீட்டர் ஆழத்தில் சீசியம்-134 கண்டறியப்பட்டது. அதற்கு ஏறக்குறைய ஒரு மாதமே ஆனது. சீசியம்-134இன் அரை ஆயுட்காலம் சுமார் 2 ஆண்டுகள். பழைய அணுகுண்டுச் சோதனைகளின் எச்சமாக அது நிலைத்திருக்க இயலாது. ஆதலால் அது அண்மை விபத்திலிருந்தே வந்தது என உறுதிசெய்ய முடிந்தது. எனினும் இவ்வாறு ஆழ்கடலை எட்டிய சீசியம் மிகச் சிறு பங்கே.

கடலடியில் நிகழ்வது

ஆழம் குறைந்த கரையோரப் பகுதிகளில் சீசியத்தின் ஒரு பகுதி களிமண் துகள்களில் ஒட்டி வண்டலாகப் படிகிறது. புழுக்கள் முதலிய அடித்தள உயிரிகள் அவ்வண்டலைக் கிளறி, ஆழத்திற்குக் கொண்டு செல்கின்றன. நீர் தெளிந்த பின்னரும் வண்டலில் சீசியம் எஞ்சியிருக்கும். சீசியம்-137இன் அரை ஆயுட்காலம் சுமார் 30 ஆண்டுகள். ஃபுக்குஷிமா கடற்பகுதியில் அடித்தளத்தில் வாழும் மீன்களில் சீசியம் அளவு மெதுவாகக் குறைந்ததற்கு இது ஒரு காரணம்.

உடல்நலத்துடன் உள்ள தொடர்பு

சீசியம் பொட்டாசியத்தைப் போல உடலின் மென்திசுக்களில், குறிப்பாகத் தசைகளில் சேர்கிறது. அது நிரந்தரமாகத் தங்குவதில்லை. வயது வந்தோரின் உடலிலிருந்து ஏறத்தாழ மூன்று மாதங்களில் பாதி வெளியேறுகிறது. கடல்மீன்களும் அதனைப் படிப்படியாக வெளியேற்றுகின்றன. ஸ்ட்ரான்சியம்-90 எலும்பில் படிவதால் நெடுங்காலம் தங்குகிறது.

ஜப்பான் அரசு 2012 ஏப்ரல் முதல் பொதுவான உணவுப் பொருள்களில் சீசியத்தின் உச்ச வரம்பைக் கிலோகிராமுக்கு 100 பெக்கரல் என நிர்ணயித்தது. விபத்தை அடுத்த மாதங்களில் ஃபுக்குஷிமா மாகாணக் கடற்பகுதியில் சோதிக்கப்பட்ட மீன்களில் பாதிக்கும் மேற்பட்டவை இந்த அளவைத் தாண்டியிருந்தன. பின்னர் இத்தகைய மீன்கள் மிக அரிதாயின.

நினைவில் கொள்ள வேண்டியவை

• கடல்நீர்ச் சோதனை மட்டும் போதாது. வண்டலையும் அடித்தள மீன்களையும் சோதித்தல் இன்றியமையாதது.
• வேகவைத்தலோ வறுத்தலோ கதிரியக்கத்தை அழிப்பதில்லை.
• மீனின் நிறம், மணம், சுவை ஆகியவற்றால் கதிரியக்கத்தை அறிய இயலாது. கருவிகளால் மட்டுமே அறிய முடியும்.
• விபத்துக் காலத்தில் மீன்பிடித் தடை விதிக்கப்பட்ட பகுதியின் மீன்களைத் தவிர்த்து, அதிகாரப்பூர்வ அறிவிப்புகளைப் பின்பற்ற வேண்டும்.