பெர்னாண்டோ யாருக்கு உறவு?

ஒரே வகுப்பில் இரு பெர்னாண்டோக்கள் இருந்தால், "சொந்தமா?" என்று கேட்காதவர் இல்லை. பெரும்பாலும் இல்லை என்பதே விடை.

காரணம் முத்துக்குளித்துறையில் இருக்கிறது. 1530-களில் தூத்துக்குடிக் கடற்கரைப் பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றனர். புனித சவேரியார் அங்கு வந்தது அதற்குப் பின்னர், 1542-இல்தான். ஞானத்தந்தையாய் நின்ற போர்த்துக்கீசியரின் பெயரைப் பல குடும்பங்கள் ஏற்றன. ஆகவே பெர்னாண்டோ, மச்சாது, மோத்தா என்பவை இரத்த உறவைக் காட்டுவன அல்ல. வேடிக்கை என்னவெனில், பெர்னாண்டோ முதலில் ஆளுக்கு இடும் பெயரே. 'பெர்னாண்டோவின் மகன்' என்பதே பெர்னாண்டஸ்!

நம் திருச்சியிலிருந்து காவிரியைக் கடந்தால் வழக்கம் வேறு. திருவரங்கத்துப் பட்டர் குடும்பத்தார் தம் வழியைக் கூரத்தாழ்வானின் மகன் பராசர பட்டர் வரை சொல்வர். பெரியோரை வணங்கும்போது கோத்திரத்தையும் சொல்வது அங்குள்ள முறை.

நம் வீட்டு வழியை அறிய விரும்பும் தோழியர் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கலாம். தந்தை, தாய், ஞானப்பெற்றோர் எல்லோரும் அதில் உண்டு. குடும்பப் பெயர் தந்தை வழியை மட்டுமே சுமக்கும். பாட்டியைப் பெற்றவளின் பெயர் பல வீடுகளில் அந்த ஏட்டில் மட்டுமே எஞ்சியிருக்கும். பாட்டி எந்த ஊரில், எந்தப் பங்கில் ஞானஸ்நானம் பெற்றார் என்பதை அவரிடமே இப்போது கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது தெரியாமல் எந்த ஏட்டைத் திறப்பது?