தலைமைக்கு அழகு



கண்டி மாநகரத்துக்கு வருவோர் யாவரும் ஒருமுறையேனும் ஏரிக்கரையில் நின்று செல்வர். தலதா மாளிகையை அடுத்து, அந்த நீர்ப்பரப்பின் ஓரமாக, மேகத்திரள்போல் வளைந்து வளைந்து செல்லும் வெண்மதில் ஒன்று உண்டு. முகில் மதில் என்னும் பொருள்பட அதனைச் சிங்களத்தில் ‘வலாகுளு பெம்ம’ என்பர். அம்மதில் ஏரியை முற்றாகச் சுற்றி வருவதில்லை, இடைவழியில் நின்றுபோகின்றது. அதனைக் கட்டத் தொடங்கிய மன்னனின் ஆட்சி, மதில் முடியுமுன்னரே முடிந்துவிட்டது.

அந்த முடிவுறாத மதிலைக் காணுந்தோறும் என் நினைவு வேதாகமத்து அரசர்களிடம் செல்வதுண்டு. எருசலேமுக்கும் கண்டிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். நாடும் காலமும் வேறாயினும், முடி தரித்தவனைச் சோதிக்கும் சோதனைகள் எங்கும் ஒன்றே. வேதாகமம் தன் அரசர்களின் குற்றங்களை மறைக்காமல் எழுதிவைத்த நூல். ஆதலால், எம்மதத்தவராயினும், தலைமை என்பது யாது என்று ஆராய விரும்புவோருக்கு அது ஒரு நல்ல கண்ணாடியாகும்.

இஸ்ரவேலர் தமக்கு ஓர் அரசன் வேண்டும் என்று கேட்டபோது, முதியவரான சாமுவேல் அவர்களை எச்சரித்தார். அரசன் உங்கள் புதல்வரைத் தன் தேருக்கும் வயலுக்கும் எடுத்துக்கொள்வான், உங்கள் விளைச்சலில் பத்திலொன்றைக் கொள்வான், இறுதியில் நீங்களே அவனுக்கு அடிமைகளாவீர்கள் என்று அவர் கூறினார். தலைமை எடுத்துக்கொள்வதற்கு உரியதா, கொடுப்பதற்கு உரியதா? அரசர்களின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வினாவைச் சுற்றியே நடக்கின்றது.

முதலாவது குணமாக நான் கொள்வது கேட்கும் உள்ளம். சாலொமோன் இளம்வயதில் அரசனானான். கிபியோனிலே கனவில் தோன்றிய இறைவன், வேண்டியதைக் கேள் என்றபோது, அவன் நீண்ட ஆயுளையோ பொருளையோ பகைவரின் அழிவையோ கேட்கவில்லை. மக்களை நியாயந் தீர்க்கவும் நன்மை தீமைகளைப் பகுத்தறியவும் வல்ல உள்ளத்தையே கேட்டான். ஒரு குழந்தைக்காக வழக்காடிய இரு பெண்களின் கதையை நீங்கள் அறிவீர்கள். அந்தத் தீர்ப்பின் சிறப்பு வாளில் இல்லை. யாருடைய குரலில் தாய்மை நடுங்கியது என்று கேட்டறிந்த செவியில் இருக்கின்றது.

ஆயினும், அதே சாலொமோன் பின்னாளில் கட்டடங்களில் மனம் வைத்தான். ஆலயத்தை ஏழாண்டுகளிலும், தன் அரண்மனையைப் பதின்மூன்றாண்டுகளிலும் கட்டி முடித்தான். மரம் வெட்டுவதற்காக லீபனோனுக்கு 30,000 பேர் முறைவைத்து அனுப்பப்பட்டனர். ஒரு மாதம் மலையிலும் இரண்டு மாதம் வீட்டிலுமாக அவர்கள் காலங்கழித்தனர். ஆலயம் எழுந்தது, அதனோடு மக்களின் பெருமூச்சும் எழுந்தது.

அந்தப் பெருமூச்சு அவன் மகன் ரெகொபெயாமின் காலத்தில் சொல்லாக வெளிப்பட்டது. சீகேமிலே கூடிய மக்கள், தந்தை சுமத்திய நுகத்தைச் சற்றே இலகுவாக்கும்படி வேண்டினர். அரசன் மூன்று நாள் தவணை கேட்டான். முதியோர், இன்று நீ இவர்களுக்குப் பணிந்து இன்சொல் கூறினால் இவர்கள் என்றும் உனக்குப் பணிவர் என்றனர். அவனோடு வளர்ந்த இளைஞரோ, தந்தையினும் கடுமையாக இருப்பேன் என்று சொல்லும்படி தூண்டினர். அவன் இளைஞரின் சொல்லையே தெரிந்துகொண்டான். பத்துக் கோத்திரங்கள் பிரிந்து போயின. வேலை வாங்கும் அதிகாரியை மக்களிடம் அனுப்பியபோது, அவர்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றனர். தாத்தா தாவீது கட்டிய அரசு ஒரு மறுமொழியினால் இரண்டாயிற்று.

நேயர்களே, இப்பொழுது கண்டி ஏரிக்குத் திரும்புவோம். ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1798இல் அரியணை ஏறியபோது அவனுக்குப் பதினெட்டு வயது. கண்ணுசாமி என்பது அவன் இயற்பெயர். 1803இல் கண்டியைக் கைப்பற்ற வந்த ஆங்கிலப் படையை அவனது அரசு முறியடித்தது. அழகுணர்ச்சியிலும் அவன் குறைந்தவன் அல்லன். வயலாகக் கிடந்த தாழ்நிலத்தை ஏரியாக்கியதும், தலதா மாளிகையின் எண்கோண மண்டபமாகிய பத்திரிப்பு எழுந்ததும் அவன் காலத்தில்தான். சிற்பியாகிய தேவேந்திர மூலாச்சாரியின் கைத்திறனை நாம் இன்றும் வியக்கின்றோம்.

ஆனால் 1807 முதல் 1812 வரை நடந்த அந்த வேலைக்கு மக்கள் இராஜகாரியக் கடமையாக அழைக்கப்பட்டனர். நிலத்தை அனுபவிப்பவன் அரசனுக்கு உழைப்பால் கடமை செலுத்துவது பழைய முறை. குளங்கட்டவும் பாதை திருத்தவும் அம்முறை உதவியதுண்டு. எனினும் பயிருக்குப் பாயாத ஏரிக்காகத் தம் வயலை விட்டு வர நேர்ந்ததே என்று மக்கள் மனங்கசந்தனர். பிரதானிகளும் கசப்புற்றனர். மன்னனோ ஐயத்தை அதிகமாக்கினானேயன்றிச் செவியைத் திறக்கவில்லை. 1814இல் எஹெலபொல அதிகாரம் ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தபோது, அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டனர். அதன்பின் நாட்டின் நெஞ்சம் மன்னன் பக்கம் நிற்கவில்லை.

மறுபக்கத்தையும் கூறுவது நீதியாகும். மன்னனைப் பற்றிய குற்றச்சாட்டுகளிற் பல, அவன் நாட்டைக் கவர்ந்தவர்களால் எழுதப்பட்டவை. ஜோன் டொயிலி போன்ற ஆங்கில அதிகாரிகள் பிரதானிகளின் மனக்கசப்பை அறிந்து, அதனைத் திறமையாகப் பயன்படுத்தினர். ஆயினும் அவர்கள் நுழைந்த வழி, உள்ளேயிருந்து திறந்த வழி. 1815 பெப்ரவரியில் ஆங்கிலப் படை பெரிய போரின்றிக் கண்டிக்குள் புகுந்தது. மார்ச் 2ஆந் திகதி மகுல் மடுவத்தில் உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. மன்னன் வேலூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1832இல் அங்கேயே மறைந்தான். அவனை எதிர்த்த எஹெலபொலவும் தாம் நம்பிய ஆங்கிலேயராலேயே மொரிசியஸ் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1829இல் அங்கே இறந்தார். தலைவனும் தலைவரும் ஒருவர் சொல்லை ஒருவர் கேளாத வீட்டில், இறுதியில் அந்நியன் சொல்லே சட்டமாயிற்று.

இரண்டாவது குணம், தன் தவற்றைத் தன்னது என்று ஒப்புக்கொள்ளல். முதல் அரசனான சவுல், கட்டளையை மீறினாய் என்று சாமுவேல் கடிந்தபோது, மக்கள்தாம் கொள்ளைப் பொருளை வைத்துக்கொண்டனர் என்று பழியை அவர்கள்மீது போட்டான். தாவீதின் குற்றம் அதனினும் கொடியது. பிறன் மனைவியைக் கவர்ந்து, அவள் கணவனைப் போர்முனையில் மடியச் செய்தான். நாத்தான் அவன் முன் வந்து, பல மந்தைகளையுடைய செல்வன் ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த கதையைச் சொன்னார். தாவீது சினந்து அச்செல்வனுக்குத் தண்டனை கூறியபோது, அந்த மனிதன் நீயே என்றார். நாத்தானைச் சிறையிலிட அரசனால் முடியும். அவனோ, நான் பாவஞ் செய்தேன் என்றான். குற்றத்தின் விளைவு அவனை விட்டு நீங்கவில்லை. எனினும் இடித்துரைப்பவரை அவன் இழக்கவில்லை. திருக்குறளின் 45ஆவது அதிகாரம் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்று பெயர் பெற்றிருப்பதன் பொருத்தம் இங்கே விளங்கும்.

கண்டியிலும் இதனோடு எண்ணத்தக்க ஒரு நிகழ்ச்சி உண்டு. 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழியினன். சைவ மரபிற் பிறந்தவன். சரணங்கர தேரரின் முயற்சிக்குத் துணைநின்று, சீயத்திலிருந்து உபாலி தேரரை வருவித்து, 1753இல் இலங்கையில் உபசம்பதையை மீண்டும் நிலைபெறச் செய்தவன் அவனே. அப்படியிருந்தும், 1760இல் அவனைக் கொல்லச் சதி நடந்தது. சதியில் ஈடுபட்ட பிரதானிகள் சிலர் உயிரிழந்தனர். ஐயத்தின் நிழல் சரணங்கர தேரர்மீதும் விழுந்தது; அவரும் காவலில் வைக்கப்பட்டார். எனினும் மன்னன் பின்னர் அவரைச் சங்கராஜர் பதவியில் மீண்டும் அமர்த்தினான்; சமயப் பணியிலிருந்தும் தன் கையை எடுத்துக்கொள்ளவில்லை. தன் காயத்தை நாட்டின் காயமாக்காதிருத்தல் தலைமையின் பெருங்குணமன்றோ?

மூன்றாவது, உழைத்தவரின் பெருமையை உழைத்தவருக்கே விடுதல். எசேக்கியா என்னும் அரசன் குளமும் கால்வாயும் அமைத்து நகருக்குள் நீரைக் கொண்டுவந்தான் என்று வேதாகமம் கூறுகின்றது. எருசலேமில் கீகோன் ஊற்றிலிருந்து சீலோவாம் குளம் வரை பாறையைக் குடைந்து செல்லும் சுரங்கம், ஏறக்குறைய 530 மீற்றர் நீளமானது. அது அவன் செய்வித்ததென்றே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றது. அதன் சுவரில் 1880இல் ஒரு கல்வெட்டுக் கண்டெடுக்கப்பட்டது. இரு முனைகளிலிருந்தும் குடைந்துவந்த தொழிலாளர், பாறைக்கு அப்பால் ஒருவர் குரலை ஒருவர் கேட்டதையும், உளிக்கு உளி சந்தித்து நீர் பாய்ந்ததையும் அது விவரிக்கின்றது. அரசனின் பெயர் அதில் எங்குமில்லை. நம் நாட்டுத் திறப்பு விழாக் கற்களை நினைத்துப் பார்க்கும்போது, அந்தக் கல்வெட்டின் அருமை நமக்குப் புலனாகும்.

நான்காவது, வாயிலைத் திறந்து வைத்தல். ஆலயத்தை அர்ப்பணித்த நாளில் சாலொமோன் செய்த மன்றாட்டில், தூரதேசத்திலிருந்து வரும் அந்நியனுடைய வேண்டுதலுக்கும் செவிசாய்க்க வேண்டும் என்று இறைவனைக் கேட்டான். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களைத் தன் நாட்டில் ஏற்று, பலரைக் கீழ்க்கரையில் குடியமர்த்தினான். அரசனின் பெருமையை அவன் கட்டிய மதிலைக் கொண்டும் அளக்கலாம். திறந்த கதவைக் கொண்டும் அளக்கலாம். இரண்டாவது அளவே நெடுங்காலம் நிற்பது.

நேயர்களே, இத்தனையும் அரசர்க்கு உரியவை, நமக்கு என்ன என்று எண்ண வேண்டாம். கதவு என்று சொன்னதனால் என் சொந்தக் குற்றம் ஒன்றைக் கூறியே தீர வேண்டியிருக்கின்றது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கண்டிக்குச் சற்றுத் தொலைவில் மலைப்பக்கத்துப் பாடசாலை ஒன்றில் அதிபராக இருந்தேன். பிள்ளைகள் பிந்தி வருவதை நிறுத்தவென்று, மணி அடித்ததும் வாயிலைப் பூட்டும்படி கட்டளையிட்டேன். நேரந்தவறாமை நல்லொழுக்கந்தானே! ஒரு வாரஞ் சென்றதும், எங்கள் பாடசாலையின் முதிய சிற்றூழியர் என் மேசையருகே வந்து நின்றார்.

“ஐயா, அந்தத் தோட்டத்துப் பிள்ளையின் தாய் விடியலிலேயே பிரட்டுக்குப் போய்விடுகிறாள். பிள்ளைக்காம்பிராக் கதவு திறந்த பிறகுதான் இவள் தம்பியை அங்கே விட்டு வர முடியும். தினமும் மழையில் வெளியே நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறாள்” என்றார்.

சட்டம் எல்லோருக்கும் ஒன்றே என்று மறுமொழி சொன்னேன். எனக்கு மூன்று நாள் தவணைகூடத் தேவைப்படவில்லை.

மாத முடிவில் வரவுப் பதிவேட்டைப் புரட்டியபோது, அவள் பெயருக்கு நேரே நீண்ட வெற்றிடங் கண்டேன். லயத்துக்குச் சென்றேன். பதினான்கு வயதான அந்தச் சிறுமி கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டுவிட்டாள். தாய் என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. “பள்ளிக்கூடம் பூட்டிக் கெடக்குன்னு புள்ள சொல்லுச்சுங்க ஐயா” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில், பிழை என்னுடையது என்று மாணவர் முன்னிலையில் கூறினேன். அதன்பின் அந்த வாயிலுக்குப் பூட்டுப் போடவில்லை. பிந்தி வருகிறவரிடம் காரணங் கேட்டோம். காரணத்துக்கு ஏற்ப உதவினோம். வேறு பிள்ளைகள் அதனாற் பயன்பெற்றனர். அவளுடைய தாயிடம் பலமுறை சென்று கேட்டும், அந்தச் சிறுமி மட்டும் திரும்பி வரவேயில்லை. சீகேமிலே பிரிந்த கோத்திரங்களும் திரும்பி வரவில்லை. சொல்லிவிட்ட சில மறுமொழிகளை மீட்க முடியாது. அடுத்த மறுமொழியையாவது யோசித்துச் சொல்லலாம்.

தலைமை என்பது அரியணையில் மட்டும் இருப்பதன்று. வீட்டுக்கு மூத்தவர், வகுப்புக்கு ஆசிரியர், தோட்டத்துக் கங்காணி, சங்கத்தின் செயலாளர், அலுவலகத்தின் மேலதிகாரி ஆகிய ஒவ்வொருவர் முன்னிலையிலும் ஒரு சீகேம் நாள் வரத்தான் செய்யும். யாரோ ஒருவர் வந்து, இந்தச் சுமையைச் சற்றே இறக்கிவையுங்கள் என்று கேட்பார். அந்த நேரத்தில் நாம் சொல்லும் ஒரு சொல்லிலே நம் தலைமை நிற்கும், அல்லது வீழும்.

அடுத்த முறை ஏரிக்கரையில் நடக்கும்போது அந்த வெண்மதில் நின்றுபோன இடம்வரை சென்று பாருங்கள். அழகான மதில்தான். அதற்கு வேண்டிய கல்லும் சுண்ணாம்பும் நாட்டில் இருந்தன, கைத்திறனும் இருந்தது. குறைவாயிருந்தது, மக்கள் சொல் கேட்கும் செவி ஒன்றே.