வாசலுக்குத் துணித் தோரணம் - தைக்கும் முறையும் விலை போடும் முறையும்



மார்கழி பிறந்தால் பொங்கலுக்கான வேலை தொடங்கிவிடும். வெள்ளையடிப்பது, கோலப்பொடி வாங்குவது, வாசலில் தோரணம் கட்டுவது என்று வரிசையாக வரும். கொங்குப் பக்கம் போகியன்று வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்துக் காப்புக் கட்டுவார்கள். மற்ற ஊர்களில் மாவிலைத் தோரணம்தான் பிரதானம். நம்ம கிராமத்தில் மாவிலைக்குப் பஞ்சமில்லை. மரத்தில் பறித்தோம், கட்டினோம் என்று முடிந்துவிடும். ஆனால் நகரத்தில், அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு மாவிலை கிடைப்பதே சிரமம். கிடைத்தாலும் இரண்டு நாளில் சுருண்டு காய்ந்துவிடும். அதனால் பிளாஸ்டிக் தோரணம் வாங்குகிறார்கள். அதுவும் வெயிலில் வெளுத்து, கடைசியில் குப்பைக்குப் போகிறது.

இங்கேதான் தையல் தெரிந்த நமக்கு ஒரு வாய்ப்பு. துணியில் தோரணம் தைப்பது புதிய விஷயம் அல்ல. தஞ்சாவூர்ப் பக்கம் கோயில் தேரில் தொங்கும் தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். அவையும் துணியால் ஆனவைதான். துணித் தோரணத்தைத் துவைத்து மடித்து வைத்தால் பல வருடம் உழைக்கும்.

தேவையான பொருட்கள்

3 அடி (36 இன்ச்) வாசலுக்கு, 36 இன்ச் அகலத் துணியில்:

1. பச்சை பருத்தித் துணி - அரை மீட்டர்
2. பட்டைக்கு அரக்கு அல்லது மஞ்சள் துணி - 38 இன்ச் நீளம், 5 இன்ச் அகலம். பழைய பட்டுப்பாவாடை பார்டர் நல்ல நிலையில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம்.
3. பூவுக்கு ஆரஞ்சு அல்லது மஞ்சள் துணி - 30 செ.மீ.
4. கேன்வாஸ் - 36 இன்ச் நீளம், 2 இன்ச் அகலம்
5. நூல், நாடா, இலை வெட்ட அட்டை

வீட்டில் மீந்த ஜாக்கெட் துணியும் தையல் கடை வெட்டுத் துண்டும் போதும். இரண்டு மூன்று விதப் பச்சை கலந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

முதலில் சாயம் பாருங்கள்

புதுத் துணியை வெட்டுவதற்கு முன் ஒரு முறை நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கி, இலை கோணலாகிவிடும். அரக்கும் ஆரஞ்சும் சாயம் விடக்கூடிய நிறங்கள். ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால், தண்ணி தெளியும்வரை தனியாக அலச வேண்டும். அப்படியும் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம். உப்புத் தண்ணியில் ஊறவைத்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். அதை நம்பி விற்பனைக்குத் தைக்காதீர்கள். ஒரு தோரணம் சாயம் விட்டால் அந்த வாடிக்கையாளர் அடுத்த வருடம் வரமாட்டார்.

தைக்கும் முறை

1. அட்டையில் மாவிலை வடிவம் வரையுங்கள். நீளம் ஏழரை இன்ச், நடுவில் அகலம் 3 இன்ச். மேல்பக்கம் ஒன்றரை இன்ச் அகலத்தில் தட்டையாகவும், கீழ்ப்பக்கம் கூராகவும் இருக்கட்டும். கால் இன்ச் தையல் பிடிப்பு இதிலேயே சேர்ந்திருக்கிறது.

2. பச்சைத் துணியில் 22 துண்டு வெட்டுங்கள். இரண்டு துண்டுக்கு ஓர் இலை, மொத்தம் 11 இலை.

3. நல்ல பக்கம் இரண்டும் உள்ளே பார்க்கும்படி வைத்து, மேல்பக்கம் திறந்திருக்க, சுற்றிலும் தையல் போடுங்கள். நுனியில் மிச்சத் துணியைத் தையலை ஒட்டிக் கத்தரித்துவிட்டால்தான் கூர்மை வரும். குச்சியால் திருப்பி இஸ்திரி போட்டு, நடுவில் இளம்பச்சை நூலால் நரம்பு மாதிரி ஒரு தையல் ஓட்டுங்கள்.

4. பட்டைத் துணியின் இரு முனையிலும் ஒரு இன்ச், இரு நீளப் பக்கத்திலும் அரை இன்ச் உள்ளே மடித்து இஸ்திரி போடுங்கள். பிறகு நீளவாக்கில் இரண்டாக மடித்தால் 36 இன்ச் நீளம், 2 இன்ச் அகலப் பட்டை கிடைக்கும். உள்ளே கேன்வாஸை வையுங்கள்.

5. பட்டையின் ஓரத்திலிருந்து 3, 6, 9 என்று 33 இன்ச் வரை சாக்பீஸால் குறி போடுங்கள். சரியாக 11 குறி வரும். ஒவ்வொரு குறியிலும் ஓர் இலையின் நடு வரவேண்டும். இலையின் மேல்பக்கத்தை அரை இன்ச் பட்டைக்குள் செருகி, ஒரே தையலாக ஓட்டிவிடுங்கள். வாசல் அகலமாக இருந்தால் 3 இன்ச்சுக்கு ஓர் இலை கூட்டிக்கொள்ளலாம்.

6. பூவுக்கு 18 இன்ச் நீளம், 2 இன்ச் அகலத்தில் 10 பட்டை வெட்டி, நீளவாக்கில் மடித்து, திறந்த ஓரத்தில் கை ஓட்டுத் தையல் போட்டு நூலை இழுங்கள். சுருக்கம் விழுந்ததும் சுருட்டி அடியில் தைத்தால் சாமந்திப்பூ தயார். இலைக்கும் இலைக்கும் நடுவே பட்டையில் வைத்துத் தையுங்கள்.

7. மாட்டுவதற்கு இரு முனையிலும் நாடா வளையம் வைத்துவிடுங்கள்.

கிறிஸ்துமஸ் ஆர்டருக்கு இதே கையால் கதவு வளையம் செய்யலாம். 10 இன்ச் கம்பி வளையத்தில் பச்சைத் துணிப்பட்டையைச் சுற்றி, அதன்மேல் 6 இன்ச் துண்டுகளை நெருக்கமாக முடிச்சிட்டு, கீழே சிவப்பு ரிப்பன் கட்டினால் போதும்.

விலை போடுவது எப்படி?

குழுக் கூட்டங்களில் நாங்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான். சகோதரிகள் அழகாகத் தைக்கிறார்கள். விலை கேட்டால், "துணிக்கு நூறு ஆச்சு, நூற்றைம்பது கொடுங்க" என்கிறார்கள். தைத்த மூன்று மணி நேரம் எங்கே போனது? வீட்டு வேலைக்கு இடையில்தானே செய்தோம் என்று நினைப்பதால், நம் உழைப்பு கணக்கிலேயே வருவதில்லை.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

துணி, கேன்வாஸ், நூல், நாடா, கவர் - ரூ.100
மின்சாரம், மிஷின் தேய்மானம் - ரூ.10
கூலி, மணிக்கு ரூ.50 வீதம் 3 மணி நேரம் - ரூ.150
மொத்தம் - ரூ.260
குழுவுக்கு 10 சதவீதம் - ரூ.26
விற்பனை விலை - ரூ.286

வியாபாரி ஒருவர், "ரூ.180-க்குக் கொடுங்க, நூறு எடுத்துக்கிறேன்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூறு என்றதும் சந்தோஷமாகத் தலையாட்டிவிடுவோம். செலவு ரூ.110 போனால் மிச்சம் ரூ.70. அதை 3 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு ரூ.23 சொச்சம்தான். குழுவுக்கு ஒன்றும் இல்லை. நூறு தோரணத்துக்கு 300 மணி நேரம் உட்கார்ந்து கண்ணும் முதுகும் வலிப்பதுதான் மிச்சம்.

அதற்காக ஆர்டரை விட வேண்டியதில்லை. நேரத்தைக் குறைக்கலாம். பல அடுக்குத் துணியை ஒன்றாக வைத்து ஒருவர் வெட்டட்டும், ஒருவர் இலை தைக்கட்டும், மிஷின் இல்லாதவர் பூச் சுருட்டட்டும். இப்படிச் செய்து ஒன்றுக்கு 2 மணி நேரம் ஆனால் கூலி ரூ.100, செலவு ரூ.110, குழுவுக்கு ரூ.21, ஆக ரூ.231. இந்த விலைக்குக் கீழே இறங்க முடியாது என்று கணக்கைக் காட்டியே பேசலாம். கணக்கு கையில் இருந்தால் பேசுவதற்குத் தைரியம் தானாக வரும்.

இன்னும் சில விஷயங்கள்:

- முதலில் 3 தோரணம் தைத்து, கடிகாரம் பார்த்து நேரம் குறியுங்கள். மனக்கணக்கு வேண்டாம்.
- யார் எத்தனை இலை, எத்தனை பூ என்பதை நோட்டில் அன்றன்றே எழுதுங்கள். கூலிப் பிரச்சினை வராது.
- மொத்த ஆர்டருக்குத் துணிச் செலவாவது முன்பணமாக வாங்குங்கள். குழுக் கடனில் துணி வாங்கிக் கடனுக்கு விற்றால் வட்டி நம் தலையில்தான் விழும்.
- பொங்கல் சரக்கு மார்கழி தொடக்கத்தில் விற்பனைக்குத் தயாராக இருக்க வேண்டும். கார்த்திகையிலேயே தைக்கத் தொடங்குங்கள். பொங்கல் முடிந்த மறுநாள் பாதி விலைக்கும் போகாது.

சகோதரிகளே, இந்த மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு மாதிரித் தோரணம் தைத்துப் பாருங்கள். பக்கத்திலேயே அதன் கணக்கையும் எழுதி வையுங்கள். துணிக்கும் நூலுக்கும் விலை போடுகிற நாம், நம் கைக்கும் ஒரு விலை போடப் பழகுவோம்.