தோப்பில் மரம் நிற்கிறது, சங்கத்துக்கு ஏன் வரவில்லை?

ஆவினுக்குப் பால் ஊற்றுகிறவர் காலையில் கறந்த பாலை விலை பிடிக்கவில்லை என்று வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. அன்றைக்கே ஊற்றியாக வேண்டும். நெல்லை அறுக்காமல் விட்டால் கதிர் உதிரும். வெட்டிய கரும்பு ஆலைக்குப் போகத் தாமதமானால் எடையும் சாறும் குறையும். மரத்துக்கு அந்த அவசரம் கிடையாது. நான்காம் ஆண்டு வெட்ட வேண்டிய சவுக்கை இன்னும் ஓராண்டு விட்டுவைத்தால் கொஞ்சம் பருக்கும், அவ்வளவுதான். எப்போது விற்பது என்பது குடும்பத்தின் கையில் இருக்கிறது. மரம் வளர்ப்போர் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுகளில் மரவரத்து ஏன் ஓராண்டு குவிகிறது, மறு ஆண்டு வற்றுகிறது என்று கேட்டால், பதில் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்கும்.

மதுரையைச் சுற்றிய சமவெளியில் இந்தக் கேள்விக்கு இப்போது தேவை வந்திருக்கிறது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாக வைத்துக் கட்டப்பட்ட ஆலை. சக்கை மட்டும் போதாது என்ற நிலையில் மரக்கூழின் பங்கு முக்கியமானது. 2004 வாக்கில் உழவர்களின் நிலத்தில் சவுக்கும் தைலமரமும் வளர்க்கும் திட்டத்தை அது தொடங்கியது. 2016-இல் மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் அதன் இரண்டாவது ஆலை வந்தது. மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்து உழவருக்கு அது துவரங்குறிச்சி வழியாகச் சில மணி நேர லாரி ஓட்டம். மரம் எடைக்கு விற்கும் பொருள். ஆலை எவ்வளவு தள்ளிப் போகிறதோ அந்த அளவுக்கு லாரி வாடகை விலையைத் தின்றுவிடும். ஆகவே ஆலை பக்கத்தில் இருப்பதே வரத்தைக் கூட்டும் முதல் காரணம்.

காகித ஆலைகள் உழவரைத் தேடி வந்ததற்குப் பின்னால் 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையும் இருக்கிறது. மரம் சார்ந்த தொழிற்சாலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை வளர்ப்பவர்களுடன் நேரடி உறவு வைத்துப் பெற வேண்டும், அரசுக் காட்டு மரத்தைச் சலுகை விலைக்குக் கொடுக்கும் வழக்கம் முடிய வேண்டும் என்று அந்தக் கொள்கை சொன்னது. அதற்கு முன் ஆலைக்கு அரசு மலிவாக மரம் கொடுத்தபோது, உழவர் தன் மரத்துக்குக் கேட்ட விலை எடுபடவில்லை.

இனி தோப்புக்காரர் வீட்டுக்குள் போய்ப் பார்ப்போம். விலை ஏறினால் மரம் அதிகம் வரும் என்பது பொதுவான எண்ணம். பாதி உண்மைதான். பெண் கல்யாணத்துக்கு இரண்டு லட்சம் தேவைப்படும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விலை குறைவாக இருந்தால் தோப்பு முழுவதையும் வெட்ட வேண்டும். விலை நன்றாக இருந்தால் பாதியை வெட்டினாலே அந்தப் பணம் கிடைத்துவிடும். மீதியை அடுத்த செலவுக்கு நிறுத்திவைப்பார்கள். விலை ஏறியபோது வரத்துக் குறைவது சங்கத்தின் கணக்கில் விசித்திரமாகத் தெரியும். வீட்டுக் கணக்கில் அது சரியான முடிவு.

இன்னொரு பக்கம், திருப்பூரிலோ சென்னையிலோ வெளிநாட்டிலோ வேலை பார்ப்பவர்களும் மரம் வைக்கிறார்கள். தினமும் பார்க்க ஆள் இல்லாத நிலத்துக்கு மரம்தான் தோதான பயிர். இவர்களுக்கு மாதச் சம்பளம் இருப்பதால் அவசரம் இல்லை. மரம் நிற்கும், விலைக்கு ஆசைப்பட்டும் வெட்ட மாட்டார்கள். பங்காளிகள் பெயரில் கூட்டுப் பட்டாவாக இருந்தால் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் ரம்பம் இறங்கும். தமிழ்நாட்டில் 1989-லிருந்தே மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் உரிமை உண்டு. அக்கா தங்கைகளின் சம்மதமும் வேண்டும், அது நியாயமும்கூட. உறுப்பினர் பட்டியலில் எத்தனை பெயர் இருக்கிறது என்று எண்ணும் சங்கம், அந்தப் பெயர்களில் எத்தனை பேர் ஊரில் இருக்கிறார்கள், எத்தனை பட்டா தனிப் பட்டா என்றும் பார்க்க வேண்டும்.

கடன்தான் எல்லாவற்றையும்விடக் கூர்மையானது. பயிர்க்கடனை ஓராண்டுக்குள் கட்ட வேண்டும். சவுக்கு மூன்று நான்கு ஆண்டு, மலைவேம்பு பிளைவுட்டுக்கு ஆறேழு ஆண்டு, தேக்கு இருபது ஆண்டுக்கு மேல். நடுவில் வரும் ஆண்டுகளில் கைக்குப் பணம் கொடுப்பது யார்? நகைக்கடனும் மர வியாபாரியின் அச்சாரமும்தான். வியாபாரி இரண்டாம் ஆண்டிலேயே தோப்பைச் சுற்றிப் பார்த்து, கண்மதிப்பில் ஒரு மொத்தத் தொகை பேசி, பாதியைக் கையில் கொடுத்துவிடுவார். அந்த மரம் அன்றே சங்கத்தின் கையைவிட்டுப் போயிற்று. வெட்டும் நாளில் டன் கணக்குப் பார்த்தால் உழவருக்குப் பெரிய நஷ்டம் தெரியலாம். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட வேண்டிய ஜூன் மாதத்தில் வந்து நின்றவர் வியாபாரிதானே? அவரைக் குறை சொல்வதைவிட, சங்கம் அந்த ஜூன் மாதத்தில் எங்கே இருந்தது என்று கேட்பதுதான் பயனுள்ளது. நிற்கும் மரத்தின் மேல் சிறு முன்பணம் கொடுக்க முடியாத சங்கத்துக்கு நல்ல ஆண்டில்கூட முழு வரத்து கிடைக்காது என்பது என் உறுதியான கருத்து.

மதுரை வட்டாரத்தில் நிலத்துக்கு வேறு போட்டிகளும் உண்டு. மல்லிகை தினமும் பணம் தருகிறது. சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் தென்னை நிலையான வருமானம். பெரியாறு, வைகைப் பாசனத்தில் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் நெல்லை விட யாருக்கும் மனம் வராது. ஆகவே மரம் பெரும்பாலும் தண்ணீர் குறைந்த மேட்டு நிலத்திலும், ஆள் கிடைக்காத நிலத்திலும் நிற்கிறது. மழை பொய்த்த ஆண்டில் வேறு வருமானம் இல்லாதவர்கள் எல்லோரும் ஒன்றாக மரத்தை விற்க வருவார்கள். நல்ல மழை ஆண்டில் அதே மரம் தோப்பிலேயே நிற்கும், வெட்டும் ஆட்களும் நடவுக்குப் போய்விடுவார்கள். வடகிழக்குப் பருவமழையின்போது திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் லாரி இறங்கினால் ஏறாது. மேலூர்ச் செம்மண்ணில் மழை விட்டுச் சில நாளில் வண்டி போகலாம். ஆலைக்கு மாதம் இவ்வளவு டன் என்று வாக்குக் கொடுக்கும் சங்கம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை செம்மண் ஊர்களின் மரத்தையும், கோடையில் கரிசல் ஊர்களின் மரத்தையும் எடுப்பதாகத் திட்டமிட்டால் வரத்து சீராகும். இப்படி ஊரையும் மண்ணையும் பார்த்து வரிசை போட ஒரு தனி உழவரால் முடியாது.

சிறு தோப்புகளின் சிக்கலும் இதோடு சேர்ந்ததுதான். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,800 சவுக்கு நிற்கும். அரை ஏக்கர்க்காரர் தனியாகக் கூப்பிட்டால் வெட்டும் குழு வராது. வந்தாலும் கூலி அதிகம் கேட்கும். பக்கத்துப் பக்கத்துத் தோப்புகளை ஒரே வாரத்தில் வெட்டினால் மெஷின் ரம்பம், பட்டை உரிக்கும் ஆட்கள், லாரி எல்லாம் ஒரே நடையில் வேலை முடிப்பார்கள். அதற்கு ஒரே பருவத்தில் நட்டிருக்க வேண்டும். அதாவது நான்கு ஆண்டு கழித்து வரப்போகும் மரத்தின் அளவு, இன்றைக்கு நாற்றங்காலில் எத்தனை கன்று இருக்கிறது, எந்த ஊருக்குப் போகிறது என்பதிலேயே தீர்மானமாகிறது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனமும் நல்ல சவுக்கு ரகங்களைத் தேர்ந்து கொடுத்திருக்கின்றன. ரகம் தெரியாத கன்றை மலிவு என்று வாங்கி நட்டவருக்கு நான்காம் ஆண்டில் எடை வராது. அவர் மேலும் இரண்டாண்டு காத்திருப்பார். சங்கத்தின் கணக்கு அப்போதே தவறிவிடும்.

வெட்டிய பிறகு மரம் காத்திருப்பதில்லை. இந்த இடத்தில்தான் உழவரின் நம்பிக்கை உடைகிறது. பச்சை மரத்தின் எடையில் பாதிக்கு நெருங்கிய பங்கு நீர். பட்டை உரித்து வெயிலில் போட்ட சவுக்கு ஒவ்வொரு நாளும் எடை இழக்கிறது. லாரி வர ஒரு வாரம், ஆலை வாசலில் இரண்டு நாள் என்று தள்ளிப்போனால் அந்த எடைக் குறைவு முழுவதும் உழவரின் பணம். ஆலையின் பக்கம் பார்த்தால், அவர்களுக்கு நீர் வேண்டாம், நாரே வேண்டும். காய்ந்த மரத்தால் அவர்களுக்கு நஷ்டமில்லை. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆகவே வெட்டியதிலிருந்து எத்தனை நாளுக்குள் எடை போட வேண்டும், தாமதமானால் யார் ஈடு கொடுப்பது என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். எடைமேடையில் உழவரோ அவர் நம்பும் ஒருவரோ நிற்க வேண்டும். எடைச்சீட்டின் நகல் அன்றே கைக்கு வர வேண்டும். ஒரு ஊரில் ஒரு தடவை எடையில் சந்தேகம் எழுந்தால், அந்த ஊர் அடுத்த சுற்றுக்கு வியாபாரியிடம் போய்விடும். டன்னுக்குச் சில ரூபாய் கூடக் கொடுப்பதைவிட நேரத்துக்கு எடையும் நாள் தவறாத பணமும் அதிக மரத்தைக் கொண்டுவரும்.

ஒரே மரத்துக்குப் பல சந்தைகள் இருப்பதையும் சங்கம் கவனிக்க வேண்டும். நேரான சவுக்கு சாரத்துக்கும் பந்தலுக்கும் கழியாகப் போனால் கூழ்மரத்தைவிட நல்ல விலை கிடைக்கும் காலங்கள் உண்டு. வளைந்ததும் பருத்ததும் ஆலைக்கு, மிலாறு விறகுக்கு. உறுப்பினர் கழியை வெளியே விற்றால் அதைத் துரோகமாக நினைக்கும் சங்கங்கள் நிலைப்பதில்லை. கழியையும் சங்கமே பிரித்து விற்றுக்கொடுத்தால் அந்தப் பிரச்சினையே எழாது.

இதை மகாராஷ்டிரத்தின் நாசிக் பகுதி முன்பே கண்டது. அங்கே விநாயக்ராவ் பாட்டீல் முயற்சியில் 1983-இல் தைலமரம் வளர்ப்போர் கூட்டுறவு தொடங்கியது. தனித்தனியாக விற்றுக்கொண்டிருந்த உழவர்கள் கழி விற்பனையில் ஒன்றுசேர்ந்தார்கள். அதே காலத்தில் பஞ்சாப், அரியானா, மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஆயிரக்கணக்கான உழவர்கள் கோதுமை நிலத்தில் தைலமரம் வைத்தார்கள். முதலில் விற்றவர்களுக்குக் கிடைத்த விலையைப் பார்த்து எல்லோரும் நட்டார்கள். 1980-களின் பிற்பகுதியில் எல்லோருடைய மரமும் சேர்ந்து சந்தைக்கு வந்தது. விலை விழுந்தது. பலர் வேரோடு தோண்டி எடுத்துவிட்டு மறுபடி கோதுமைக்குப் போனார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்கு நடவு வற்றியது. சென்ற முறை விலையைப் பார்த்து நட்டால் வரத்து எப்போதும் தவறான ஆண்டில் வரும்.

இயற்கையும் வரத்தைத் தாறுமாறாக்கும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் மரங்களைச் சாய்த்தது. விழுந்த மரத்தை வைத்திருக்க முடியாது, எல்லோரும் ஒரே நாளில் விற்க வேண்டிய நிலை. இதற்கு ஒரு கூட்டுறவு என்ன செய்ய முடியும் என்பதற்குத் தெற்கு ஸ்வீடன் உதாரணம். 1938-இல் தொடங்கிய சோட்ரா என்னும் கூட்டுறவில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட சிறு வன உரிமையாளர்கள் உறுப்பினர்கள். கூழ் ஆலைகளும் மரமறுக்கும் ஆலைகளும் அவர்களுக்கே சொந்தம். 2005 ஜனவரியில் குட்ருன் புயல் ஏறத்தாழ 7.5 கோடி கன மீட்டர் மரத்தை அந்தப் பகுதியில் சாய்த்தது. பழைய விமான ஓடுதளம் ஒன்றில்கூட மரத்தை அடுக்கி, பூச்சியும் வெடிப்பும் வராமல் மேலே தண்ணீர் தெளித்து நெடுநாள் காத்தார்கள். அதனால் எல்லா மரமும் ஒரே மாதத்தில் சந்தையில் கொட்டப்படவில்லை. இடமும் ஆலையும் தன்னிடம் உள்ள அமைப்புக்குத்தான் இது முடியும். ஆலை யாருடையது என்பது இந்த விஷயத்தில் பெரிய வேறுபாடு: சோட்ராவில் ஆலை லாபமும் மரம் கொடுத்தவருக்குத் திரும்பி வருகிறது, நம் ஊரில் உழவருக்கு டன் விலையோடு உறவு முடிந்துவிடுகிறது. நம் சங்கங்கள் ஆலை வைக்கும் அளவுக்கு வளர நாளாகும். கழி பிரிக்கும் களமும் ஒரு எடைமேடையும் சொந்தமாக வைப்பது இன்றே முடியும்.

அனுமதிச் சிக்கல் மரத்துக்கு மரம் மாறும். சவுக்குக்கும் தைலமரத்துக்கும் பெரிய தடை இல்லை. அதனால்தான் அவை வேகமாகப் பரவின. பட்டா நிலத்தில் நின்றாலும் சந்தனத்துக்கு வனத்துறை விதிகள் கடுமை. தேக்கு வைத்தவர்கள் வெட்டும் ஆண்டுக்கு முன்பே வனச்சரக அலுவலகத்தில் தற்போதைய விதியைக் கேட்டுக்கொள்வதும், கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் மரத்தைப் பதிய வைப்பதும் நல்லது. அடங்கலில் இல்லாத மரத்துக்குக் கடனும் காப்பீடும் கேட்டு நிற்பது கடினம்.

இவை எல்லாம் தெரிந்த பிறகு, சங்கத்திலோ ஆலையின் ஒப்பந்தத்திலோ சேரும் உழவர் கேட்க வேண்டிய கேள்விகள் சுருக்கமானவை. குறைந்தபட்ச விலை எழுதப்பட்டிருக்கிறதா, சந்தை விலை அதற்கு மேல் போனால் எது கிடைக்கும்? வெட்டுக்கூலியும் ஏற்றுக்கூலியும் லாரி வாடகையும் யார் தலையில்? வெட்டும் மாதத்தை யார் முடிவு செய்வது, வீட்டில் அவசரம் வந்தால் முன்னதாக எடுப்பார்களா? வேர்க்கட்டையைத் தோண்டும் செலவுக்கு ஏதாவது உண்டா? சவுக்குக்கு அது பெரிய செலவு. தைலமரமோ மறுதாம்பு விட்டு மறு சுற்றுக்கும் வளரும். இறுதியாக, பக்கத்து ஊரில் சென்ற ஆண்டு மரம் விட்டவரிடம் போய், எடை போட்ட நாளிலிருந்து எத்தனை நாளில் பணம் வங்கிக் கணக்கில் ஏறியது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.