செல்லின் வாசலில் ஒரு மடை

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் அமைந்துள்ள இராதாபுரம் வட்டாரம் மழை குறைந்த நிலப்பகுதியாகும். பேச்சிப்பாறை அணையிலிருந்து வரும் கால்வாய் நீர் அங்குள்ள குளங்களுக்கு வளம் சேர்க்கிறது. குளம் நிறைந்திருந்தாலும் மடை திறந்தால்தான் வயலுக்கு நீர் பாயும். நம் உடலின் நோய்த்தடுப்புச் செல்களுக்கிடையே நிகழும் செய்திப் பரிமாற்றமும் இத்தகையதே. அங்கே நீராக ஓடுவன 'சைட்டோகைன்கள்' என்னும் சிறு புரதங்கள். மடைகளாக நிற்பன செல்லின் புறப்படலத்திலுள்ள 'ஏற்பிகள்'. உரிய ஏற்பி இல்லாத செல்லுக்குச் சைட்டோகைனின் செய்தி எட்டுவதில்லை.

காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் நுழைந்ததும் 'மேக்ரோபேஜ்' என்னும் செல் அதனை விழுங்குகிறது. ஆயினும், அதனைத் தனித்துக் கொல்ல அச்செல்லால் பெரும்பாலும் இயலுவதில்லை. எனவே, இன்டர்லூக்கின் 12 என்னும் சைட்டோகைனை வெளியிட்டுத் துணை தேடுகிறது. அதற்குரிய ஏற்பியைக் கொண்ட டி செல், இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்து விடையளிக்கிறது.

இன்டர்ஃபெரான் காமாவின் ஏற்பி இருவகைப் புரத இழைகளால் ஆனது. சைட்டோகைன் வந்து பொருந்தியதும், அவ்விழைகளின் உட்புறத்தில் இணைந்துள்ள ஜாக் 1, ஜாக் 2 என்னும் நொதிகள் செயல்படத் தொடங்குகின்றன. அவற்றின் செயலால் ஸ்டாட் 1 என்னும் புரதத்தில் பாஸ்பேட் சேர்கிறது. பின்னர் அப்புரதம் இரண்டிரண்டாக இணைந்து உட்கருவினுள் சென்று, கிருமியைக் கொல்வதற்குரிய மரபணுக்களை இயக்குகிறது. அவ்வாறு இயங்கும் மரபணுக்களுள் ஒன்று, 'சாக்ஸ் 1' என்னும் புரதத்தை உருவாக்கி ஜாக் நொதிகளை அடக்குகிறது. திறந்த மடையை அடைக்கும் ஏற்பாடும் செல்லினுள்ளேயே அமைந்துள்ளது.

மடை பழுதானால் என்னவாகும்? நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு இடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசியில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட, உயிருள்ள கிருமி. அத்தடுப்பூசிக்கென 1948ஆம் ஆண்டில் சென்னை கிண்டியில் ஆய்வகம் நிறுவப்பட்டது. கோடிக்கணக்கானோருக்குப் பாதுகாப்பளிக்கும் அத்தடுப்பூசி, மிக அரிதாகச் சில குழந்தைகளின் உடல் முழுவதும் பரவி உயிருக்கே ஊறு விளைவித்தது. அதற்கான காரணம் 1996இல் வெளிப்பட்டது. அக்குழந்தைகளுள் சிலருக்கு இன்டர்ஃபெரான் காமா ஏற்பியின் மரபணு பழுதுற்றிருந்தது.

இக்கண்டுபிடிப்பு மருத்துவத்திற்கு வழிகாட்டியது. இன்டர்லூக்கின் 12இன் ஏற்பி பழுதுற்றவருக்கு இன்டர்ஃபெரான் காமாவை ஊசிவழிச் செலுத்தினால் பயன் உண்டு. இன்டர்ஃபெரான் காமாவின் ஏற்பியே அறவே இல்லாதவருக்கோ அதனை எவ்வளவு செலுத்தினும் பயனில்லை. குருத்தணு மாற்றமே அவருக்குரிய வழி. மாறாக, முடக்குவாதம் போன்ற நோய்களில் சைட்டோகைனின் செயல் மிகுந்து மூட்டுகளைச் சிதைக்கும்போது, ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் போன்ற மருந்துகள் உதவுகின்றன.

பாயவேண்டிய நேரத்தில் திறத்தலும் போதுமானபோது அடைத்தலும் வயலுக்கு மட்டுமன்று, உடலுக்கும் உயிர்காக்கும் நெறியாகும்.