வெள்ளியிலேயே போடுங்கம்மா

சாத்தூரிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். ஓய்வு பெற்ற ஆசிரியை. சிங்கப்பூரில் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டு வந்தவர். கிளம்புவதற்கு முன்பே நாற்பது பக்க நோட்டு ஒன்றில் விமான டிக்கெட்டிலிருந்து பேத்திக்கு வாங்கும் பென்சில் டப்பா வரை வரவு செலவு போட்டு வைத்திருந்தாராம். அந்த நோட்டில் ஒரே ஒரு வரி மட்டும் சரியாக வரவில்லை. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"ஒரு கடையில் 200 டாலருக்குப் பயணப்பெட்டி வாங்கினேன். அன்றைக்கு ஒரு டாலர் 65 ரூபாய். 13,000 ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டேன். கார்டை வைத்ததும் சீட்டு ரூபாயிலேயே வந்தது: 13,780. ஊருக்கு வந்து பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால் இன்னும் 162 ரூபாய் தனியாகப் பிடித்திருக்கிறார்கள். நான் எங்கே தப்புப் போட்டேன்?"

அம்மா, நீங்கள் எங்கேயும் தப்புப் போடவில்லை. உங்கள் கணக்கில் வராத ஒரு ஆள், அந்தக் கடையின் கார்டு இயந்திரத்துக்குள் உட்கார்ந்திருந்தார். வெளிநாடு போய்வருகிற பலருடைய கணக்கை அவர்தான் குலைக்கிறார். விசா, டிக்கெட், காப்பீடு பற்றியெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆகவே இந்த வாரம் அந்த ஆளைப் பற்றிப் பேசலாம்.

செய்தித்தாளிலும் கைப்பேசியிலும் நாம் பார்க்கிற மாற்று விலை, வங்கிகள் தங்களுக்குள் பெருந்தொகையாக வாங்கி விற்கும்போது நிற்கிற நடுவிலை. அந்த விலைக்கு நம் கையில் யாரும் டாலர் தருவதில்லை. நாணயம் மாற்றும் கடைப் பலகையில் இரண்டு விலை இருக்கும். நம்மிடம் வாங்கும் விலை 64 என்றால் நமக்கு விற்கும் விலை 66.50. காலையில் 100 டாலர் வாங்கி, பயணம் ரத்தாகி மாலையில் அதே கடையில் திருப்பிக் கொடுத்தால் 250 ரூபாய் போயிருக்கும். கடைக்காரரின் வாடகையும் லாபமும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கின்றன. அது நியாயமான கூலி. விமான நிலையக் கடைகளில் இடைவெளி பெரும்பாலும் அகலமாக இருக்கும், ஊருக்குள் குறுகலாக இருக்கும். அவ்வளவுதான்.

இந்த இடைவெளிக்குத் தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு: வட்டம். ஊருக்கு ஒரு நாணயம் புழங்கிய காலத்தில் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கும்போது பிடித்துக்கொள்கிற தொகையை வட்டம் என்பார்கள். இந்தப் பொருள் பழைய அகராதிகளிலேயே இருக்கிறது. இன்று வங்கிக்காரர்கள் இதை 'மார்க்கப்' என்கிறார்கள். நான் வட்டம் என்றே சொல்லப்போகிறேன். வட்டமே இல்லாத இடமும் உலகில் உண்டு. சிங்கப்பூரும் புரூணையும் 1967-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, ஒரு புரூணை டாலருக்கு ஒரு சிங்கப்பூர் டாலர், ஒரு காசு கூடவோ குறையவோ இல்லாமல் கிடைக்கும். மற்றப் பெரும்பாலான இடங்களில் வட்டம் உண்டு. எவ்வளவு, யாருக்கு, நமக்குத் தெரிந்தா தெரியாமலா என்பதுதான் கேள்வி.

இப்போது அந்த இயந்திரத்துக்கு வருவோம். நீங்கள் கார்டை வைத்தவுடன் அது முதலில் பார்ப்பது கார்டு எண்ணின் முன்பகுதியை. முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்களிலேயே எந்த வங்கி, எந்த நாடு என்பது தெரிந்துவிடும். இந்தியக் கார்டு என்று தெரிந்த மறுநொடி திரையில் இரண்டு வரி வரும். ஒன்றில் 200 சிங்கப்பூர் டாலர். இன்னொன்றில் 13,780 இந்திய ரூபாய். 'எதில் செலுத்த விரும்புகிறீர்கள்?' என்று இயந்திரம் கேட்கும்.

கேட்பதற்கு எவ்வளவு மரியாதையாக இருக்கிறது! அயலூரில் நம் ரூபாயைப் பார்த்ததும் மனசு தானாக அந்தப் பக்கம் போகும். 'எவ்வளவு ஆகிறது என்று இப்போதே தெரிந்துவிடும், நிம்மதி' என்று தோன்றும். பலர் ரூபாயைத் தொடுவது இதனால்தான்.

அந்த ரூபாய்க் கணக்கைப் போட்டது உங்கள் வங்கி இல்லை. கடைக்காரரின் வங்கியும், இந்த மாற்று வேலைக்கென்றே இருக்கிற ஒரு நிறுவனமும் சேர்ந்து போட்ட கணக்கு அது. அவர்கள் வைத்ததுதான் வட்டம். கிடைப்பதில் ஒரு பங்கு கடைக்கும் போவதுண்டு. பொதுவாக அது 3 சதவீதத்தில் தொடங்கும். ஏடிஎம்களில் 10 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. வாசகிக்கு விழுந்தது 6 சதவீதம், 780 ரூபாய். அதற்கு மேல், ரூபாயிலேயே பில் போட்டிருந்தாலும் கடை வெளிநாட்டில் இருக்கிறது என்பதால் நம் ஊர் வங்கிகள் பலவும் ஒரு சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன. அந்த 162 ரூபாய் அதுதான்.

டாலரைத் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கார்டு நிறுவனம் நடுவிலைக்கு மிக அருகிலான ஒரு விலையில் மாற்றும். உங்கள் வங்கி தன் வட்டத்தைப் பிடிக்கும். கார்டைப் பொறுத்து அது ஒன்றுமில்லாமலும் இருக்கும், 3.5 சதவீதம் வரையும் போகும். 2 சதவீதக் கார்டு என்று வைத்துக்கொள்வோம். 260 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 47 ரூபாய். மொத்தம் 13,307. வாசகி கொடுத்ததோ 13,942. ஒரு பெட்டிக்கு 635 ரூபாய் வித்தியாசம். 3.5 சதவீதக் கார்டாக இருந்தாலும் 13,537-க்கு மேல் போயிருக்காது. கிளம்புவதற்கு முன் உங்கள் வங்கியில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, 'வெளிநாட்டில் தேய்த்தால் எத்தனை சதவீதம் பிடிப்பீர்கள்?' என்பதுதான்.

ஏடிஎம்மில் இந்தக் கேள்வி இன்னும் தந்திரமாக வரும். ரகசிய எண்ணைப் போட்டு, தொகையைப் போட்டு, பணம் வரப்போகிறது என்று கை நீட்டும் நேரத்தில் திரை நிற்கும். 'இந்த மாற்று விலையை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா?' ஏற்கும் பொத்தான் பச்சையாக மின்னும். மறுத்தால் பணம் வராதோ, கார்டு மாட்டிக்கொள்ளுமோ என்று பயம் வரும், பின்னால் வரிசை வேறு நிற்கும். தைரியமாக மறுங்கள். நீங்கள் மறுப்பது அவர்கள் போட்ட விலையை மட்டும்தான். இயந்திரம் உள்ளூர்ப் பணத்தை எண்ணிக் கொடுக்கும், விலையை உங்கள் வங்கி போட்டுக்கொள்ளும். இதைச் சொல்லிக் கொடுத்தபோது என் சித்தப்பா நம்பவே இல்லை. கோலாலம்பூரில் மறுத்துப் பார்த்து, கையில் ரிங்கிட் வந்த பிறகுதான் நம்பினார்.

என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். எண்ணெய்க்குத் தூக்குச்சட்டியோடு வருவார்கள். சட்டியை ஒரு தட்டில் வைத்து, அதன் எடைக்குச் சமமாக மறுதட்டில் பாசங்கல் வைப்பார். முள் நடுவில் நின்றதும் தராசைத் தூக்கி வாங்க வந்தவர் கண்ணுக்கு நேரே காட்டுவார். சின்னப் பிள்ளை வந்திருந்தாலும் காட்டுவார். அதன் பிறகுதான் எண்ணெய் ஊற்றுவார். பாசங்கல்லில் ஒரு கூழாங்கல் குறைந்தால் சட்டிக்குச் சட்டி லாபம் என்பது அவருக்கும் தெரியும். கூலி வாங்குவது வியாபாரம், முள்ளைக் காட்டாமல் ஊற்றுவது வேறு.

கார்டு இயந்திரத்துக்கும் இந்த முறை எழுதப்படாமல் இல்லை. எந்த நாணயத்தில் என்று வாடிக்கையாளரைக் கேட்டே ஆக வேண்டும் என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதி. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் சட்டமே போட்டது. அங்கே 2020 ஏப்ரல் முதல், இப்படி மாற்றும்போது ஐரோப்பிய மத்திய வங்கியின் விலையை விட எத்தனை சதவீதம் அதிகம் என்பதை, பணம் கட்டுவதற்கு முன்பே காட்ட வேண்டும். தராசு முள்ளைக் காட்டுவது போலத்தான். ஆனால் கடைவீதியில் நடப்பது என்ன? விற்பவரே நமக்காகப் பொத்தானைத் தொட்டுவிடுகிறார். சீட்டில் 'எனக்கு இரு நாணயமும் காட்டப்பட்டது, நானே தேர்ந்தெடுத்தேன்' என்று பொடி எழுத்தில் அச்சாகி வருகிறது. அதன் கீழ் நாம் கையெழுத்தும் போடுகிறோம். வாசகியும் போட்டிருக்கிறார். அனுப்பிய சீட்டு நகலில் பார்த்தேன்.

அந்த ஆளைத் தவிர நம் கணக்கைக் குலைப்பது இன்னொன்றும் உண்டு: உள்ளூர் விலை. எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. முன்பு ஒருமுறை அக்காவைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனேன். தமிழர்கள் நிறைந்த தேக்காப் பகுதியின் உணவங்காடியில் தேநீர் ஒன்றரை வெள்ளி. அங்கே நம்மவர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள். சென்ட்டைக் காசு என்பார்கள். அக்கா மனக்கணக்குப் போட்டாள். 'ஒரு டீ தொண்ணூத்தஞ்சு ரூபாயா?' என்று கோப்பையைத் தள்ளி வைத்தாள். அன்று முழுக்கத் தண்ணீர் பாட்டிலுக்கும் ரயிலுக்கும் இட்லிக்கும் பெருக்கிப் பெருக்கி, மாலையில் தலைவலியோடு படுத்துவிட்டாள்.

அவள் பெருக்கல் சரி, அளவுகோல்தான் தவறு. நாணயத்தின் மாற்று விலை, எல்லை தாண்டிப் போகிற சரக்கும் முதலீடும் சேர்ந்து நிர்ணயிப்பது. தேநீர்க் கடை எல்லை தாண்டாது. முடி வெட்டுவதும், பஸ் ஓட்டுவதும், கடை வாடகையும் தாண்டாது. அந்த ஊர்ச் சம்பளம்தான் அவற்றின் விலை. இதைப் புரியவைக்க லண்டனின் 'தி எகானமிஸ்ட்' வார இதழ் 1986 முதல் ஒரே ஒரு பண்டத்தை, மெக்டொனால்டின் பிக் மேக்கை, நாடு நாடாக விலை பார்த்து ஒப்பிட்டு வருகிறது. ஒரே ரொட்டி, ஒரே செய்முறை, ஆனால் மாற்று விலையில் பெருக்கினால் ஊருக்கு ஊர் வேறு. வியட்நாமில் நம் ஒரு ரூபாய்க்கு முந்நூறு டோங் அளவுக்குக் கிடைக்கிறது என்பதால் அங்கே எல்லாம் மலிவு என்று ஆகிவிடாது. பூஜ்யங்கள் பெருகினால் கண்தான் ஏமாறும். அங்கே 20,000 நோட்டும் நீலம், 5,00,000 நோட்டும் நீலம். வாடகைக் காரில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்தால் போனதுதான்.

மறுநாள் அக்காவுக்கு வேறு வழி செய்தேன். ஊரில் போட்ட மொத்தத் தொகையில் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் ஒதுக்கியதை நாள்களால் வகுத்தேன். ஒரு நாளைக்கு 25 வெள்ளி. காலையில் அதை அவள் சுருக்குப்பையில் போட்டுவிட்டேன். 'ரூபாய்ப் பேச்சே கூடாது. இது உன் இன்றைய காசு.' அவ்வளவுதான், அக்கா மாறிவிட்டாள். அங்காடியில் சாப்பாடு நாலைந்து வெள்ளி என்று பிடித்துக்கொண்டாள். குளிரூட்டிய உணவகத்துப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 சதவீத வரியும் சேரும், 100 வெள்ளி 119.90 ஆகும் என்று சொன்னேன். அன்றிலிருந்து பட்டியலில் கூட்டல் குறியைத்தான் முதலில் தேடினாள். கடைசி நாள் பையில் 31 வெள்ளி மிச்சம். முஸ்தபா கடையில் பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கினாள்.

பெருக்கலை ஊரிலேயே ஒருமுறை போட்டு முடித்துவிட வேண்டும். விலை ஏறி இறங்கும் என்று நூற்றுக்கு ஐந்து கூடுதலாக ஒதுக்கிக்கொள்ளுங்கள். சுற்றுலா நிறுவனம் வழியாகப் போனால் முன்கூட்டிப் பிடிக்கும் டிசிஎஸ் வரியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வருமான வரிக் கணக்கில் அதைச் சரிக்கட்டலாம். அதன் பிறகு அந்த ஊர்க் காசிலேயே நினையுங்கள், அந்த ஊர்க் காசிலேயே கொடுங்கள். இயந்திரம் கேட்கிற கேள்விக்கும் அக்காவின் தலைவலிக்கும் இந்த ஒரே மருந்துதான்.

எனக்கு மனத்தாங்கல் ஒன்று உண்டு. கொத்தமல்லிக் கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடுகிறோம். அறுநூறு ரூபாய் போன சீட்டை மடித்துப் பையில் வைக்கிறோம். வெளிநாட்டுப் பிள்ளைகள் அப்பா அம்மாவை வரவழைத்து, கையில் ஒரு கார்டைக் கொடுத்து, 'தேய்ச்சுக்குங்க' என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். இந்த ஒரு கேள்வி வரும் என்று சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். நம் வங்கிகள் கடன் வாங்கச் சொல்லித் தமிழில் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. 'இவ்வளவு வட்டம் பிடித்தோம்' என்பதையும் அதே தமிழில் அனுப்பலாம். பள்ளிக்கூடத்தில் சதவீதக் கணக்குக்கு இன்னும் ஆடு வாங்கி விற்ற கதையையே சொல்கிறோம். கார்டுச் சீட்டு ஒன்றைப் பலகையில் ஒட்டி நடத்தினால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். வாசகி ஆசிரியை என்பதால் அவரிடம் இதை உரிமையோடு சொல்கிறேன்.

அவர் கேட்ட கடைசிக் கேள்வி: 'அடுத்த வருஷமும் போகிறேன். எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. என்ன சொல்ல வேண்டும்?'

ஒன்றும் கவலைப்படாதீர்கள் அம்மா. நீங்கள் போவது தமிழ் ஆட்சிமொழியாக இருக்கிற நாடு. அங்கே நாணயத்தின் மேலேயே சிங்கப்பூர் என்று தமிழில் பொறித்திருக்கிறது. திரையில் எஸ்ஜிடி (SGD) என்ற மூன்று எழுத்தைக் கண்டுபிடித்து நீங்களே தொடுங்கள். தேக்காப் பக்கம் கடை என்றால் கார்டை நீட்டுவதற்கு முன்பே, அங்கே நிற்கிற பெண்ணிடம் நம் தமிழிலேயே சொல்லுங்கள்: 'வெள்ளியிலேயே போடுங்கம்மா.'