எத்தனை போத்தல் என்று கேட்காதீர்கள்

பதுளைப் பக்கத் தோட்டங்களில் மாடு வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை போத்தல் கறக்கும்?" என்றுதான். விற்கிறவரும் கன்று போட்ட புதிதில் கறந்த உச்சக் கணக்கை எடுத்து விடுவார். பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்து லயங்களுக்குச் சினை ஊசி போடப் போய்வரும் நான் கேட்கச் சொல்வது வேறு. "கடைசிக் கன்று எந்த மாசம்? அதுக்கு முந்தின கன்று எந்த மாசம்?" இந்த இரண்டுக்கும் பதில் வந்தால் பசுவின் தரம் பாதி தெரிந்துவிடும்.

ஒரு கணக்குப் போடுவோம். பெரிய பிரீசியன் கலப்புப் பசு ஒன்று ஓர் ஈற்றில் 2,400 லீற்றர் கறக்கிறது என்று வையுங்கள். ஆனால் அடுத்த கன்றுக்கு 600 நாளாகிறது. சிறிய ஜேர்சிக் கலப்பு ஒன்று 1,825 லீற்றர்தான் கறக்கிறது. அதற்கு 365 நாளில் அடுத்த கன்று. நாட்களால் வகுத்தால் பெரியது நாளுக்கு 4 லீற்றர், சிறியது 5. பத்து வருடத்தில் பெரியது போடுவது 6 கன்று, சிறியது 10.

இதில் புல்லை இன்னும் சேர்க்கவில்லை. ஒரு பசுவுக்கு நாளுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல் வேண்டும். 450 கிலோப் பசுவுக்கு 45 கிலோ, 300 கிலோப் பசுவுக்கு 30. நடுவில் இருக்கும் அந்த 15 கிலோவை, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்தான் ஓடையோரத்தில் அறுத்துத் தலையில் சுமக்கிறாள். மலையில் கொழுந்து குறைந்தால் முழுநாள் சம்பளக் கணக்கான 'பேர்' விழாது. பசுவுக்கும் அப்படி ஒரு பேர் உண்டு: வருடத்துக்கு ஒரு கன்று.

இறைச்சிக்கு மாடு வளர்க்கும் நாடுகளிலும் இதே கணக்குத்தான். அங்கே பால் விற்பனை இல்லை. பசு தரும் வருமானம் அதன் கன்று மட்டும். தாய்ப்பசு வருடம் முழுவதும் தின்பதில் ஏறத்தாழ 70 சதவீதம் தன் உடம்பைத் தாங்கவே போய்விடுகிறது. அதனால், ஏழு மாதத்தில் பால் மறக்கடிக்கும் கன்றின் எடையைத் தாயின் எடையோடு வைத்துப் பார்க்கிறார்கள். 600 கிலோப் பசுவின் கன்று 210 கிலோ நின்றால் 35 சதவீதம். 450 கிலோப் பசுவின் கன்று 200 கிலோ நின்றால் 44 சதவீதம். கண்ணுக்குப் பெரிய பசு, கணக்கில் சின்னதாகிவிடுகிறது.

நம் நாடு இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் 20,000 கறவைப் பசுக்களை இறக்குமதி செய்யும் திட்டத்தில், 2017இல் முதல் 5,000 கப்பலில் வந்தன. நல்ல இனம்தான். ஆனால் அவற்றுக்கு ஏற்ற தீனியும் பராமரிப்பும் பல பண்ணைகளில் இல்லை. பல செத்தன, பல எதிர்பார்த்த பாலைத் தரவில்லை. கடன்பட்ட பண்ணையாளர்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியதாயிற்று.

அந்த நாடுகளுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வெளிநாட்டுப் பண்ணையில் சினை பிடிக்காத பசுவை அந்தப் பருவத்திலேயே விற்றுக் கழிப்பார்கள். லயத்தில் இருப்பதோ ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மாட்டுப் பொங்கலுக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்ட பசுவை இறைச்சிக்காரருக்குக் கொடுக்க மனசு வராது. 1958ஆம் ஆண்டின் மிருகச் சட்டமும் பசுக்களை அறுப்பதற்குக் கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறது. ஆக, கழித்துச் சீர்ப்படுத்தும் வழி நமக்கு அடைபட்டதுதான். இருக்கிற பசுவையே நேரத்துக்குச் சினையாக்க வேண்டும்.

அதற்கு முதலில் பசுவின் உடம்பைப் பாருங்கள். விலா எலும்பு தூரத்திலிருந்தே எண்ணும்படி தெரிந்து, இடுப்பெலும்பு துருத்தி, வாலடியில் குழி விழுந்திருந்தால், அந்தப் பசு லேசில் சினை பிடிக்காது. எடையை அறியத் தையல்காரரின் அளவு நாடா போதும். நெஞ்சுச் சுற்றளவைச் சென்றிமீற்றரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்னெலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 160, நீளம் 135 என்றால் சுமார் 319 கிலோ. மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் இளைப்பு கண்ணுக்குத் தெரியும் முன்பே நாடா சொல்லிவிடும்.

ஊவாவில் ஜூன் தொடங்கிச் செப்டெம்பர் வரை கச்சான் காற்றில் புல் காய்கிறது. பசு இளைப்பது பெரும்பாலும் அப்போதுதான். வேலியில் நிற்கும் கிளிரிசீடியாத் தழையை வெட்டி, ஒருநாள் வாடவிட்டு, புல்லோடு மூன்றில் ஒரு பங்கு வரை கலந்து கொடுக்கலாம். புரதம் நிறைந்தது, காசும் இல்லை. ஓடைச் சரிவில் சிஓ-3 புல்லை நட்டுவைத்தால் இன்னும் நல்லது. தண்ணீரை நினைத்த நேரத்தில் குடிக்கும்படி வைக்க வேண்டும். ஒரு லீற்றர் பாலுக்கு நாலைந்து லீற்றர் தண்ணீர் உள்ளே போயாக வேண்டும்.

அடுத்தது, பசு கத்தும் நேரம். 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். அது அரை நாள், மிஞ்சினால் முக்கால் நாள்தான் நிற்கும், பல நேரம் இரவில். இருட்டுப் பட்டியில் தனியாகக் கட்டிக்கிடக்கிற பசுவைக் கவனிக்க ஆள் இருப்பதில்லை. ஆறு மணிப் பெரட்டுக்கு ஓடுகிறவர்களுக்கு நேரமும் இல்லை. விடியலிலும் படுக்கப் போகும் முன்பும் ஒரு விளக்கோடு பின்பக்கம் பாருங்கள். கண்ணாடி போன்ற சளி தொங்கினால் உடனே தகவல் கொடுங்கள். காலையில் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில். ஒரு பருவம் தவறினால் 21 நாள் புல் வீண்.

கன்று போட்டு இரண்டு மாதத்திலிருந்து பருவத்துக்குக் காத்திருக்க வேண்டும். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். மூன்று மாதத்துக்குள் சினை பிடித்தால்தான் வருடத்துக்கொரு கன்று என்பது கைகூடும். ஊசிக்குப் பிறகு பசு கத்தவில்லை என்பதையே நம்பி உட்காராமல், மூன்றாம் மாதத்தில் மிருக வைத்தியரைக் கொண்டு கைவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

செலவென்று பார்த்தால் ஒரு பென்சில்தான். சுவரில் தொங்கும் கலண்டரில் கன்று போட்ட நாள், கத்திய நாள், ஊசி போட்ட நாள் மூன்றையும் குறித்து வையுங்கள். வருடம் முடிந்ததும் கலண்டரை வீசாதீர்கள். நாளைக்குப் பசுவை விற்பதென்றாலும் அதையே எடுத்துக் காட்டுங்கள். வாங்கப் போனால், கறவையைப் பார்ப்பதற்கு முன் அதைக் கேளுங்கள்.